கந்தலின் கணக்கு: அலபாமா கறுப்பினப் பெண்களின் ஒட்டுப்போர்வைகள்

'பொழுதுபோக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. பொழுதைச் சொந்தமாக வைத்திருக்கிறவர்களின் சொல் அது. விடியக்காலம் எப்போது வயலில் இறங்க வேண்டும், இருட்டிய பிறகு எப்போது களத்தைவிட்டு வெளியேறலாம் என்பதை ஆண்டை முடிவு செய்கிற வாழ்க்கையில் போக்குவதற்குப் பொழுது ஏது?

துணித் துண்டுகளைப் பொருத்தித் தைக்கிற 'பேட்ச்வொர்க் குயில்ட்' என்னும் ஒட்டுப்போர்வையை, பெண்கள் கூடிச் செய்யும் இனிய பொழுதுபோக்கு என்றுதான் கைவினைப் புத்தகங்கள் எழுதுகின்றன. கடையில் புதுத்துணி வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, திரும்பவும் ஒன்றாகத் தைக்கிறவர்களுக்கு அது பொழுதுபோக்குதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வெட்டுவதற்குப் புதுத்துணியே இல்லாதவர்களும் தைத்தார்கள். அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் அப்படித் தைத்தவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

அவர்கள் குளிருக்காகத் தைத்தார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மை. குளிருக்குப் போர்வை போதும், அது அழகாக இருக்க வேண்டியதில்லை. அந்த 'வேண்டியதில்லை'யை மீறி, ஒவ்வொரு கட்டத்தையும் இவர்கள் ஏன் அத்தனை யோசித்து அமைத்தார்கள்? என் கேள்வி இதுதான்.

கறுப்பர் வரலாறு நமக்குப் புதிதல்ல. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம், கறுப்புச் சிறுத்தைகளின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஆனால் நாம் அங்கிருந்து வாங்கியதில் பெரும்பகுதி ஆண்கள் மேடையில் பேசியது, காகிதத்தில் எழுதியது. பெண்கள் துணியில் செய்துவைத்ததை நாம் இன்னும் படிக்கவில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகள் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மேல்துணியைப் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத் தைப்பார்கள். ஒரு சிறு சதுரத்தை நடுவில் வைத்து, அதன் நாலு பக்கமும் பட்டை பட்டையாகத் துணியை ஒட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரும். ஜீஸ் பெண்ட்டில் இதற்கு 'வீட்டுக்கூரை' என்ற பொருளில் பெயர். கூரையை மேலே பறந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் படி மாதிரிப் பட்டைகள் ஏறுகிற இன்னொரு வடிவம் உண்டு. அமெரிக்காவின் மற்ற இடங்களில் அதற்குப் பெயர் 'நீதிமன்றப் படிகள்'. ஜீஸ் பெண்ட்டில் அதே வடிவம் 'கொத்தனார்' ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காத சனங்கள் கல் அடுக்குகிறவனின் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

மேல்துணியின் கட்டங்களை ஒருத்தி தனியாகத்தான் யோசிப்பாள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு, எங்கே சிவப்பு, எந்த இடத்தில் கோட்டை வேண்டுமென்றே கோணவிடுவது என்பதெல்லாம் அவள் முடிவு. மேல்துணி முடிந்ததும் மூன்று அடுக்கையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து நூலோட்டித் தைப்பார்கள். வெள்ளாமை வேலை ஓய்கிற குளிர்காலத்தில் இது நடக்கும். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு வேறொரு வீடு. பாட்டும் செபமும் ஊர்க்கதையும் சேர்ந்தே நடக்கும். யோசனை தனியாள் சொத்து, உழைப்பு கூட்டுச் சொத்து. இந்த ஏற்பாட்டை யாரும் அவர்களுக்குச் சட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லை.

குளிர் போனதும் போர்வைகளை வெளியே கொடியிலும் வேலியிலும் காயப்போடுவார்கள். போகிறவள் வருகிறவள் எல்லாம் நின்று பார்ப்பாள். அடுத்த குளிருக்கு அந்த வடிவத்தை எடுத்து, தன் இஷ்டத்துக்கு மாற்றித் தைப்பாள். பல பேர் தங்கள் வடிவத்துக்கு 'என் வழி' என்றே பெயர் சொன்னார்கள். அருங்காட்சியகம் அவர்களைத் தேடி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே அவர்களுக்குக் கண்காட்சி இருந்தது. வேலிதான் அதன் சுவர்.

இனி ஊரின் வரலாறு. அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் நிலம் அது. வில்காக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜோசப் கீ என்ற வெள்ளைக்காரர் 1816இல் வந்து பருத்திப் பண்ணை போட்டார். அவர் பேரில் ஊருக்குப் பெயர் வந்தது. 1845இல் மார்க் பெட்வே என்பவர் கைக்குப் பண்ணை மாறியது. அடுத்த ஆண்டு, நூறு அடிமைகள்போல அவரோடு வட கரோலினாவிலிருந்து அலபாமாவுக்கு வந்தார்கள். எப்படி வந்தார்கள்? கால்நடையாக நடந்து. இன்றைக்கும் அந்த ஊரில் பல பேருக்கு பெட்வே என்றுதான் குடும்பப் பெயர். அடித்தவன் பெயரைச் சுமந்துகொண்டு வாழ்வது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரன் வைத்த பட்டப்பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழ் வரைக்கும் வந்த ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு அதே நிலத்தில் அதே மக்கள் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதார்கள். விதை, உரம், சாப்பாடு எல்லாம் வியாபாரியிடம் கடன். பருத்தி வந்ததும் கணக்கு. கணக்கு நோட்டு வியாபாரியிடம் மட்டும்தான் இருக்கும். பருத்தி விலை தரைமட்டமானது. 1932இல், கடன் கொடுத்த வியாபாரி இறந்துபோக, அவருடைய மனைவி மொத்தக் கடனையும் ஒரே அடியாக வசூலிக்க ஆள் அனுப்பினார். அறுபது குடும்பங்கள்போல. மாடு, கோவேறு கழுதை, பன்றி, கோழி, கலப்பை, வண்டி, பத்தாயத்துச் சோளம் எல்லாம் போனது. வரப்போகிற குளிர்காலத்துக்கு எடுத்துவைத்த தின்பண்டம் வரைக்கும் போனது. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவில்தான் உயிர் பிழைத்தார்கள்.

பலகை இடுக்கில் காற்று ஊதுகிற குடிசைகள். சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டுவார்கள். தரையில் போர்வை, மேலே போர்வை. உரச்சாக்கும் மாவுச்சாக்கும் பிரித்துத் துவைத்து அடித்துணி ஆகும். பருத்தி அரைவை ஆலையின் தரையில் கூட்டிய கழிவைத் தட்டிப் புடைத்து நடுவில் பஞ்சாக வைப்பார்கள். ஊருக்கெல்லாம் பருத்தி விளைவித்தவர்கள் கழிவைத்தான் போர்த்திக்கொண்டார்கள். கிழிந்து நைந்து இனி ஆகாது என்றான பழைய போர்வையையும் விடமாட்டார்கள். கொளுத்திப் புகை போட்டுக் கொசு விரட்டுவார்கள்.

மேல்துணிக்கு வயலில் உழைத்த உடுப்புதான். ஆண்களின் காக்கிச் சட்டை, நீலக் கால்சட்டை. முட்டி தேய்ந்து வெளுத்திருக்கும். பைகளைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக அப்படியே இருக்கும். அந்த வெளுப்பையும் அந்தக் கருநீலத்தையும் இரண்டு நிறமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டம் போட்டிருக்கிறார்கள் இந்தப் பெண்கள். கடையில் எந்தக் காசுக்கும் கிடைக்காத நிறம் அது. ஒரு மனிதன் எத்தனை வருஷம் மண்டியிட்டுப் பருத்தி எடுத்தான் என்று அந்த முட்டித் துணி சொல்லும்.

மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல் ஒரு போர்வை தைத்தார். கணவர் இறந்துபோயிருந்தார். அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து, பட்டைகளாகக் கிழித்து, மகளோடு சேர்ந்து தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு, அந்த அன்பைப் போர்த்திக்கொண்டு படுப்பதற்காகத் தைத்ததாக மகள் ஆர்லோன்சியா பெட்வே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு மனு ஞாபகம் வராமல் போகாது. மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயம் சண்டாளருக்கு உடை விதித்திருக்கிறது. என்ன உடை? செத்தவர்களின் துணி. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் கொளுத்தப்பட்டது இந்த நூல்தான். இன்னொரு பக்கம் பௌத்தர்களின் விநயபிடகத்தில் ஒரு செய்தி வருகிறது. மகத நாட்டு வயல்களை, வரப்பும் குறுக்கு வரப்புமாகக் கிடப்பதை, புத்தர் ஆனந்தருக்குக் காட்டுகிறார். இதே மாதிரி பிக்குகளுக்கு ஆடை அமைக்க முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தர் துண்டுகளைப் பொருத்தித் தைத்துக் காட்டுகிறார். புத்தர் மெச்சுகிறார். குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணியைக் கூடப் பிக்குகள் இப்படித் தைத்து உடுத்தினார்கள்.

அதே பிணத்துணி. ஓரிடத்தில் தண்டனை, ஓரிடத்தில் துறவு, ஓரிடத்தில் மனைவியின் அன்பு. துணியில் வித்தியாசம் ஒன்றுமில்லை. அதை எடுக்கச் சொன்னது யார், என்ன செய்வது என்று முடிவு செய்தது யார் என்பதில்தான் எல்லா வித்தியாசமும். மேலிருந்து விதித்தால் இழிவு. தானே தேர்ந்தெடுத்து, தன் மூளையால் அமைத்தால் அது வேறு. ஜீஸ் பெண்ட் பெண்களுக்கு நிலத்தில் முடிவெடுக்க உரிமை இல்லை, விலையில் இல்லை, நீதிமன்றத்தில் இல்லை. ஒரு முழச் சதுரத்துக்குள் மட்டும் எது எங்கே என்று அவர்களே முடிவெடுத்தார்கள். நான் கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு எனக்குக் கிடைக்கிற பதில் இது.

இதைச் சொல்லும்போது அந்த வாழ்க்கையைச் சர்க்கரை தடவிக் காட்டவும் கூடாது. லொரெட்டா பெட்வே பெரிய கலைஞர் என்று இன்று உலகம் சொல்கிறது. தைப்பது தனக்குப் பிடிக்கவேயில்லை என்று அவரே பதிவுசெய்திருக்கிறார். பன்றிக்குத் தீனி, வயல் வேலை, பிள்ளைகள், உடல் ஊனமுற்ற தம்பி. இதற்கு நடுவில் குளிருக்கு வேறு வழியில்லாமல் தைத்தேன் என்கிறார். கூடித் தைக்கக்கூட ஆள் இல்லாமல் தைத்தவர் அவர். எல்லோரும் பாடிக்கொண்டே சந்தோஷமாகத் தைத்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இவரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எங்க ஆயாவும் இப்படித்தான். பழஞ்சேலைகளை நாலாக மடித்து அடுக்கி, மூலைக்கு மூலை நூலோட்டி, நாங்கள் படுக்க விரிப்பு தைப்பாள். நடுவில் ஒரு சிவப்புத் துண்டு எப்போதும் இருக்கும். "எதுக்கு ஆயா இது?"ன்னு கேட்டா, "கண்ணுக்கு வேணாமா?" என்பாள். வயிற்றுக்கு இல்லாதபோதும் கண்ணுக்கு வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவள். எம்.ஏ. வகுப்பில் அழகியல் என்று ஒரு தாள் படித்தேன். அதில் ஆயாவுக்கு ஒரு வரி கிடையாது.

ஜீஸ் பெண்ட் வரலாற்றில் முக்கியமான திருப்பம் நிலம். 1937இல் அரசாங்கம் பழைய பெட்வே பண்ணையை விலைக்கு வாங்கியது. 1940களில் அதைப் பிரித்து, உழுத குடும்பங்களுக்கே குறைந்த வட்டிக் கடனில் விற்றது. இதன் பலன் இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது. 1965 தொடக்கத்தில் வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை. வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் கூட இல்லை. பெயரைப் பதியப் போன குத்தகைக் குடும்பங்களை வெள்ளை நிலக்காரர்கள் வீட்டைவிட்டு விரட்டினார்கள். ஜீஸ் பெண்ட்காரர்களை அப்படி விரட்ட முடியவில்லை. காலடி மண் அவர்கள் மண். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நில மீட்புக்காகப் போராடி, போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான ஜான் தாமஸையும் ஏழுமலையையும் நினைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படியுங்கள். சேரிக்கு நிலம் ஏன் ஆகாது என்கிறார்கள் என்பது புரியும்.

விரட்ட முடியாவிட்டால் வழியை அடைக்கலாம். மாவட்டத் தலைநகர் கேம்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெயர் பதிய வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். 1962இல் படகுப் போக்குவரத்து நின்றது. சாலை வழியாகச் சுற்றிப்போனால் ஒரு மணி நேரம். வண்டி இல்லாத சனங்கள் என்ன செய்வார்கள்? அந்தப் படகு திரும்ப ஓடியது 2006இல். 44 வருஷம்! ஆனாலும் போனார்கள். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் மழையில் அந்த ஊருக்கு வந்து பேசினார். அதே ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஒட்டுப் போட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்ட்டர் என்ற வெள்ளைப் பாதிரியார், குடிமை உரிமை வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். ஒரு போர்வைக்கு 10 டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 'விடுதலைக்காகக் கூடித் தைப்போர்' என்று தமிழில் சொல்லலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் பல ஆண்டுகள் அதை நிர்வகித்தார். 1969இல் சொந்த நிலம் வாங்கித் தையல்கூடம் கட்டினார்கள். வாக்குரிமை கேட்டதற்காகத் துரத்தப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அதிலிருந்து மனை விற்றார்கள். ஊசி நூலில் சம்பாதித்த காசு நிலமாயிற்று. இயக்கம் என்றால் மேடையும் ஊர்வலமும் மட்டும்தான் என்று நினைக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டுறவுக்கும் ஒரு விலை இருந்தது. பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. ஆனால் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவு, ஒரே தையல் வேண்டும் என்றன. 1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்க ஒப்பந்தம் போட்டது. பகலெல்லாம் கடைக்காரன் சொன்ன கட்டம். வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ராத்திரி தங்கள் இஷ்டத்துக்குப் போர்வை தைத்தார்கள். அந்தக் கூலி தேவைப்பட்டது, வாழவும் வைத்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் பேசப்படுகிற போர்வைகள் மிச்சத் துண்டில் செய்தவைதான். கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.

இதற்குள் வேறொரு சந்தை வந்துவிட்டது. வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் 1990களின் பிற்பகுதியில் ஊருக்கு வந்து போர்வைகளை வாங்கினார். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் ஏறின. விமர்சகர்கள் மத்தீஸ், க்ளே என்று ஐரோப்பிய ஓவியர்களோடு ஒப்பிட்டார்கள். புகழ்ச்சிதான். ஆனால் அவர்கள் அளவுகோலில் அளந்தால்தான் இவர்கள் கலைஞர்களா? 2006இல் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலை ஆயின. 2007இல் தைத்த பெண்களில் சிலர், தங்களுக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று ஆர்னெட் தரப்பின் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பு மறுத்தது. 2008இல் வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கு நோட்டைக் காட்டு என்று கேட்கிற துணிச்சல் 1932க்கும் 2007க்கும் நடுவில் வந்திருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம்.

ஆலிஸ் வாக்கர் 1973இல் 'எவ்ரிடே யூஸ்' என்ற கதையை எழுதினார். பாட்டி தைத்த போர்வைகளைப் படித்த மகள் சுவரில் மாட்டக் கேட்கிறாள். படிக்காத மகள் போர்த்திக்கொள்வாள், கிழிப்பாள், ஆனால் அவளுக்குத் திரும்பத் தைக்கத் தெரியும். அம்மா அவளுக்கே கொடுத்துவிடுகிறாள். படித்துவிட்டுச் சேரிக்குத் திரும்புகிற நாம் எந்த மகள் என்பதை அவரவர் சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. அடிமைகள் தப்பியோட ரகசிய வழி காட்டும் குறியீடுகளை ஒட்டுப்போர்வைக் கட்டங்களில் வைத்துத் தைத்தார்கள் என்று 1999இல் ஒரு புத்தகம் வந்தது. பள்ளிக்கூடங்கள் வரைக்கும் அந்தக் கதை பரவியது. வரலாற்றாளர்கள் தேடினார்கள். தப்பிவந்தவர்கள் விட்டுச்சென்ற வாக்குமூலங்களில் அதற்குச் சான்று இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதையைச் சுமந்தால், எதிரி அதை ஒரே தட்டில் உடைத்துவிட்டு உண்மையையும் சேர்த்து மறுப்பான். ரகசியக் குறியீடு இருந்தால்தான் அந்தப் பெண்களுக்கு அறிவு உண்டு என்று ஆகிவிடுமா?

சான்று உள்ள ஒரு கதை சொல்கிறேன். ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைப் 11 கட்டங்களில் உருவங்களாக வெட்டி ஒட்டி ஒரு போர்வை செய்தார். 1886இல் ஒரு பருத்திச் சந்தையில் அதைக் காட்சிக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளை ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். இவர் தரவில்லை. 1891இல் பஞ்சம் நெருக்க, 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். பிறகும் பல தடவை போய் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு வந்தார். தன் மூளை பெற்ற பிள்ளை என்கிற பொருளில் அவர் பேசியதை வாங்கியவரே எழுதிவைத்திருக்கிறார். கை பெற்றது என்று சொல்லவில்லை, மூளை பெற்றது என்றார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு இருக்கிறது. பெயர் நின்றதற்குக் காரணம் அவர் சொன்னார், ஒருவர் எழுதிக்கொண்டார்.

நம் பக்கம் யார் எழுதிக்கொண்டார்கள்? கோரை முடைந்தவள், முறம் கட்டியவள், கந்தலில் விரிப்பு தைத்தவள் எல்லோரும் 'கைவேலை' என்ற ஒரே சொல்லுக்குள் பெயரில்லாமல் புதைந்து கிடக்கிறார்கள். ஆய்வு செய்ய ஊருக்குப் போகிற மாணவர்கள் பாட்டு கேட்கிறார்கள், பழமொழி கேட்கிறார்கள். இனிமேல் போகும்போது கொடியில் காயும் விரிப்பையும் பாருங்கள். யார் தைத்தது, எந்த வருஷம், யாருடைய சேலை, எந்தத் துண்டை ஏன் நடுவில் வைத்தாள் என்று கேளுங்கள். அவள் சொல்கிறபடியே எழுதுங்கள். அவள் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.